சாஸ்கடூனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? ஊசி போதைப் பழக்கமுள்ள பூர்வகுடி மக்களிடம் எச்.ஐ.வி. தடுப்பை இங்கே எப்படிக் கொண்டுசேர்க்கிறார்கள் என்று கேட்டிருந்தாயே. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் உன் நம்பிக்கை மையத்துக்குப் பயன்படுமென்று விவரமாக எழுதுகிறேன்.

இந்தப் பூர்வகுடி மக்களின் சடங்குகளைக் கனடாவின் சட்டம் 1951 வரை ஒடுக்கிவைத்தது. குழந்தைகளைப் பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளில் இந்த மாகாணத்தின் கடைசிப் பள்ளி மூடப்பட்டதே 1996-ல்தான். அரசாங்க ஆஸ்பத்திரி என்றாலே கால் பின்வாங்குவதில் என்ன வியப்பு? அதனால் முதலில் பேசுவது ‘கோக்கும்’தான். இங்குள்ள பூர்வகுடி மக்களின் கிரீ மொழியில் அதற்குப் பாட்டி என்று பொருள். அவரிடம் புகையிலை கொடுத்துவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும், வாங்கிக்கொண்டால் சம்மதம்.

நம் சாம்பிராணி மாதிரி ஒரு புகை போடுவார்கள். சேஜ் என்ற வாசனை மூலிகையின் காய்ந்த இலையை ஒரு சிட்டிகை எடுத்து, உருட்டி, சிப்பியில் வைத்துப் பற்றவைப்பார்கள். வாயால் ஊதக் கூடாது, இறகால் விசிற வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புகையைக் கையால் அள்ளித் தலை, கண், காது, வாய், நெஞ்சு என்று வரிசையாகத் தடவிக்கொள்வார்கள். சாம்பலைக் குப்பையில் கொட்டாமல் மண்ணில் சேர்ப்பார்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. சடங்குக்கு நான்கு நாள் போதையில்லாமல் வர வேண்டும் என்பது பல பெரியவர்களின் விதி. அதனால் யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களே வெளியே நிற்கிறார்கள். சூடான கற்களின் ஆவியில் உட்காரும் வியர்வைக் குடிலுக்கு அந்த விதி இருக்கட்டும், புகைக்கும் பறைக்கும் வேண்டாம் என்று தளர்த்திய பெரியவர்கள்தான் இந்த வேலையைக் காப்பாற்றுகிறார்கள் என்பேன்.

புகை முடிந்ததும் அதே மேசையில் புது ஊசிப் பொட்டலம் கொடுப்பார்கள். ஊசி மட்டும் புதிதாக இருந்தால் போதாது, அக்கா. கரைக்கிற கிண்ணம், வடிகட்டும் பஞ்சு, தண்ணீர்க் குப்பி எல்லாமே ஆளுக்குத் தனித்தனி; பகிர்ந்த கிண்ணத்திலேயே ஹெபடைடிஸ் சி தொற்றிவிடும். எச்.ஐ.வி. சோதனைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் புதுத் தொற்று அதில் தப்பிவிடலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கணும். ஊசி பகிர்ந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை. போதை மருந்து அளவு மீறியவரைக் காப்பாற்றும் மருந்தான நலோக்சோன் மைனஸ் முப்பது டிகிரியில் உறைந்துவிடும், அதனால் உள்சட்டைப் பையில்தான் வைப்பார்கள்.

உங்கள் பக்கம் பஞ்சும் கிண்ணமும் தனியாகக் கொடுக்கிறார்களா? எழுது.

உன் அன்புத் தங்கை