குளியலறைத் தரையை முழுதாக மாற்றிப் போட்டுத் தரக் கோரி

கோத்தகிரி

பெறுநர்:
மேலாளர், டைல்ஸ் வேலைப் பிரிவு

ஐயா,

வணக்கம். போன ஜூலையில் உங்கள் ஆட்கள் எங்கள் குளியலறையில் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதிது பதித்தார்கள். ஆறுக்கு ஐந்தடி அறை, மொத்தம் முப்பது டைல். நாலு மாதத்தில் பதினொன்று ஆடுகிறது.

பழைய சிமெண்ட் தளத்தின் மேலேயே ஒட்டியதை நான் குறை சொல்லவில்லை. தளம் கெட்டியாக இருந்தால் அதை இடிக்க வேண்டியதில்லை. ஆனால் கெட்டியாக இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டுமே! யாரும் தட்டவில்லை. விளக்குமாற்றால் ஒரு தடவை கூட்டினார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் வாசலோரத்து டைல் ஒன்று கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் பசை ஐந்து உருண்டைகளாக இருந்தது, நாலு மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. உருண்டைகளின் அடியில் பழைய தளத்தின் சிமெண்ட் தூள் அப்பளம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. பசை பிடித்தது தளத்தை அல்ல, அதன் மேலிருந்த தூளை. உருண்டைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நாறியது. பல் கரண்டியால் பசையை முழுக்கப் பரப்பியிருந்தால் தண்ணீர் நிற்க இடமே இருந்திருக்காது.

காலையில் ஒட்டியதற்கு அன்று மாலையே டைல் இடுக்குகளை அடைக்கும் கிரவுட் அடித்தார்கள். கோயம்புத்தூர் வெயிலிலேயே ஒரு நாள் விட வேண்டிய வேலை இது. எங்கள் ஊர்க் குளிரில் சிமெண்ட் இறுக இன்னும் நேரமாகும்.

அப்புறம் வாட்டம். ஐந்தடிக்கு முக்கால் அங்குலமாவது தண்ணீர் வெளியேறும் குழிப்பக்கம் தரை சரிய வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், வாசல் பக்கம்தான் சரிகிறது. அம்மாவுக்கு 76 வயது. விடிகாலை அங்கே நிற்கும் தண்ணீரில் இருமுறை வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினார். இப்போது பக்கத்து வீட்டில் குளிக்கிறார். அடுத்த அறைச் சுவரின் அடியிலும் பெயிண்ட் உப்பிவிட்டது. இந்த ஐப்பசி மழையில் அது எப்போது காயும்?

ஆடுவதை மட்டும் ஒட்டித் தருவதாக உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அது வேண்டாம். எல்லா டைலையும் எடுத்து, பொள்ளலான தளத்தைக் கொத்தி, வாட்டம் சரிசெய்து, வாட்டர் புரூஃபிங் அடித்து, ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே பதிக்க வேண்டும். செலவு உங்களுடையது. 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

கழன்ற டைலைக் கழுவாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வருகிறவர் முதலில் அதைத் திருப்பிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்