சுசுகாவுக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நல்ல சுகம். இங்கே மாசி முடிவதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஜப்பானில் குளிர் விட்டதா?

ஏப்ரல் மாதம் சுசுகாவில் ஃபார்முலா 1 கார் ரேஸ் பார்க்க டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று போன வாரம் சொன்னாய். ஆபீசில் உன்னை பிரேக் டெஸ்டிங் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்றும் அதே மூச்சில் சொன்னாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் இதையெல்லாம் கோர்வையாகப் பேச எனக்கு வராது. அதனால் பேனாவை எடுத்தேன்.

2014 அக்டோபர் 5 உனக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. எனக்கு டியூட்டி இல்லை. நீ ஒன்பதாம் வகுப்பு. நம் ஊர் நேரம் பதினொன்றரைக்கு ரேஸ் ஆரம்பம். புயல் நெருங்கிக்கொண்டிருந்ததால் அங்கே ஒரே மழை. ஆரம்பித்த இரண்டு சுற்றிலேயே நிறுத்தி, மறுபடியும் ஓட்டவிட்டார்கள். கடைசியில் பாதியிலேயே முடித்துவிட்டார்கள். ஹாமில்டன் ஜெயித்தார், ஆனால் மேடையில் யாரும் ஷாம்பெய்ன் பீய்ச்சவில்லை. "என்னப்பா ஆச்சு, ஏன் ஒருத்தர் முகமும் சரியில்லை?" என்று கேட்டாய். விபத்தை டிவியில் காட்டவில்லை. எனக்கும் தெரியவில்லை. ராத்திரிதான் தெரிந்தது, அடிபட்டது மருசியா டீம் டிரைவர் ஜூல்ஸ் பியாங்கி என்று.

உனக்கு அந்தப் பையனைப் பிடிக்கும். அந்த வருஷம் மே மாதம் மொனாக்கோவில் அவன் ஓட்டியதைப் பார்த்துவிட்டு நீ சோபாமேல் ஏறிக் குதித்தாய். மருசியா ஒரு ஏழை டீம். 2010-லிருந்து, வேறு பெயரில் ஓடிய நாளையும் சேர்த்து, ஒரு பாயிண்ட்கூட எடுத்ததில்லை. பியாங்கி 21-வது இடத்திலிருந்து கிளம்பி, அந்தக் குறுகலான தெருவில் ராஸ்காஸ் திருப்பத்தில் கோபயாஷியின் காரோடு உரசி உள்ளே புகுந்து, எட்டாவதாக வந்து சேர்ந்தான். ஐந்து விநாடி அபராதம் போட்டதில் ஒன்பதாவது. இரண்டு பாயிண்ட். ஓட்டத் தெரிந்தவனை மட்டமான வண்டியில்தான் அடையாளம் காணலாம் என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். பழைய பஸ்களையே ஓட்டித் தேய்ந்தவன் நான், அது எனக்குத் தெரியும்.

அவன் வீட்டுக் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. தாத்தா மவுரோ பியாங்கி 1968-ல் பிரான்சின் லே மான்ஸ் கார் ரேஸில் தீக்காயம் பட்டுப் பிழைத்தவர். அதே ரேஸை ஜெயித்தவர் அவருடைய அண்ணன் லூசியன். அடுத்த வருஷமே அதே லே மான்ஸில், சோதனை ஓட்டத்தில் லூசியன் இறந்துபோனார். இத்தனையும் பார்த்த வீட்டிலிருந்து இன்னொரு பையன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறான். அவன் அப்பா பிரான்சில் பிரினோல் என்ற ஊரில் கோ-கார்ட் ட்ராக் நடத்தியவர். மகன் ஃபெராரி பயிற்சிப் பள்ளியின் முதல் பிள்ளை. 2009-ல் ஃபார்முலா 3 யூரோ சீரிஸ் பட்டம். ஃபெராரி சீட்டில் என்றைக்காவது உட்கார்வான் என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுசுகாவில் நடந்தது இதுதான். 42-வது சுற்றில் ஏழாவது திருப்பத்தில், டன்லப் கர்வ் என்பார்களே, அங்கே சூட்டில் என்ற இன்னொரு டிரைவரின் கார் வழுக்கி வெளியே போனது. அதைத் தூக்க ஒரு பெரிய டிராக்டர் வந்தது. இரட்டை மஞ்சள் கொடி வீசினார்கள். வேகத்தை நன்றாகக் குறை, தேவைப்பட்டால் நிற்கத் தயாராக இரு என்று அதற்கு அர்த்தம். அடுத்த சுற்றில் அதே இடத்தில் பியாங்கியின் கார் வழுக்கியது. ரோட்டை விட்டு விலகும்போது 213 கிலோமீட்டர் வேகம். மூன்று விநாடிகூட ஆகவில்லை, 126 கிலோமீட்டரில் டிராக்டரின் அடியில் போய் மோதியது. கார் 700 கிலோ. டிராக்டர் 6,500 கிலோ. மழையில் ஹெலிகாப்டரில் ஏற்ற முடியாமல், ஆம்புலன்ஸில் யோக்காய்ச்சிக்குக் கொண்டுபோனார்கள். நீ இருக்கும் இடத்திலிருந்து பக்கம்தான். ஒன்பது மாதம் நினைவு திரும்பவே இல்லை. 2015 ஜூலை 17, சொந்த ஊர் நீஸில் உயிர் போனது. 25 வயது.

பிறகு ஒரு குழு போட்டு 396 பக்கத்துக்கு அறிக்கை எழுதினார்கள். அவன் போதுமான அளவு வேகம் குறைக்கவில்லை என்று அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் "அப்ப அவன் தப்புதான்" என்று முடித்துக்கொண்டார்கள். எனக்கு மனசு கொதித்தது. ஏன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1998, ஐப்பசி. நீ பிறக்கவில்லை. உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குக் கடைசி வண்டி. நல்ல மழை. ஒரு லாரி புளியமரத்தில் மோதிக் குறுக்கே கிடந்தது. ஊர்க்காரர்கள் வழக்கம்போல மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போட்டிருந்தார்கள். அந்த இலையை நான் பார்த்தேன் கண்ணு. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஒரு கியர் குறைத்தேன். குறைத்தது போதும் என்றுதான் நினைத்தேன். கிட்டே போய் மிதித்தால் வண்டி நிற்கவில்லை, தண்ணீர்மேல் போகிறது. டார்ச் அடித்துக்கொண்டு நின்ற ஆள் பள்ளத்தில் குதித்தார். லாரிக்கும் பம்பருக்கும் ஒரு முழ இடைவெளியில் நின்றேன். கை நடுங்கியதில் பத்து நிமிஷம் வண்டியை எடுக்க முடியவில்லை. விடிந்து டிப்போவில் கழுவும்போது பார்த்தால் வைப்பரில் ஒரு கொத்துப் புளிய இலை சிக்கியிருந்தது. உன் அம்மாவிடம் "மழை, லேட்டாகிவிட்டது" என்று மட்டும் சொன்னேன்.

இருபது வருஷ சர்வீஸில் இருந்த எனக்கே அன்றைக்கு 'போதும்' எவ்வளவு என்று தெரியவில்லை. சுசுகாவில் அந்த மழையில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், முன்னே போகிறவன் எவ்வளவு குறைக்கிறான் என்று தெரியாமல் ஓட்டுகிறவனிடம் அந்தக் கணக்கை விட்டது யார்? டிராக்டர் உள்ளே நிற்கும்போது கார்களை ஓடவிட்டது யார்? 2015-ல் விர்ச்சுவல் சேஃப்டி கார் என்று கொண்டுவந்தார்கள். விளக்கு எரிந்தால் எல்லா வண்டியும் விதித்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அவரவர் இஷ்டத்துக்கு விடுவதில்லை. அதை அந்தச் சாயங்காலத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம்.

அறிக்கையில் இன்னொன்றும் உண்டு, உன் வேலை சம்பந்தப்பட்டது. வழுக்கியதும் பியாங்கி இரண்டு காலாலும் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்திருக்கிறான். அப்படி மிதித்தால் இன்ஜினை அணைக்கவென்றே ஒரு ஏற்பாடு காரில் இருந்தது. ஆனால் அந்தக் காரின் பின் பிரேக் கட்டுப்பாட்டுக்கும் அதற்கும் ஒத்துப்போகாமல், அது வேலை செய்யவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. சேர்ந்தபோதுதான் ஒன்று மற்றதைத் தடுத்துவிட்டது. நீ டெஸ்ட் செய்யும்போது நிதானமாக மிதிக்கிற டிரைவரை மட்டும் நினைக்காதே சாமி. பயந்துபோய் இரண்டு காலாலும் மிதிக்கிறவனையும் நினைத்துக்கொள்.

பியாங்கி கிறிஸ்தவ முறைப்படி ஞானத்தந்தையாக நின்ற பையன்தான் சார்ல் லெக்லேர். பிரினோல் ட்ராக்கில் வளர்ந்தவன். 2018-ல் பெல்ஜியத்தில் அலோன்சோவின் கார் பறந்து வந்து லெக்லேரின் தலைக்கு மேலே போனது. அந்த வருஷம்தான் கட்டாயமாக்கியிருந்த, டிரைவர் தலையைக் காக்கும் ஹேலோ வளையத்தில் தேய்த்துக்கொண்டு போனது. பையன் எழுந்து நடந்தான். மறு வருஷம் ஃபெராரி சீட்டில் உட்கார்ந்தான். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் 2022-ல், அதே சுசுகாவில், அதே மாதிரி மழையில், கார்கள் ஓடும்போதே மீட்பு வண்டியை உள்ளே விட்டார்கள். காஸ்லி என்ற டிரைவர் அதைத் தாண்டிப் போனபோது ரேடியோவில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பியாங்கியின் அப்பாவும் அதைக் கண்டித்தார். எட்டு வருஷம் கழித்து அந்தக் காட்சியை மறுபடி பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அம்மா பருப்புப்பொடியும் நாரத்தங்காயும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். ரேஸ் அன்றைக்குக் குடையும் ரெயின்கோட்டும் எடுத்துக்கொண்டு போ. உன் சீட் எங்கே இருந்தாலும், கூட்டம் குறைந்ததும் ஏழாவது திருப்பம் தெரியும் இடம்வரை நடந்து போ. கொடி காட்டுகிறவர் எங்கே நிற்கிறார், அவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார். ராத்திரி எந்நேரமானாலும் சரி, போன் போட்டு அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
அப்பா