துருவை மூடாதீர்கள், வெட்டி எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எதையாவது ஒப்பேற்றிச் சமாளித்தால் அதற்குப் 'பட்டி டிங்கரிங்' என்று நம் ஊரில் பெயர் வந்துவிட்டது. வண்டியின் நசுங்கிய, துருப்பிடித்த தகரத்தைச் சரிசெய்வது டிங்கரிங், அதன் மேடு பள்ளத்தை நிரப்பும் பசைதான் பட்டி. ஒரு நல்ல கைத்தொழிலின் பெயர் இப்படிக் கெட்டுப்போனதில் வண்டி வைத்திருக்கும் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. இந்தக் கோடையில் என் வண்டியில் நானே கைவைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் பந்தல் சாமான், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். அண்டா, நாற்காலி எல்லாம் ஏற்றிப் போக 2007-இல் அப்பா வாங்கிய டாடா 207 பிக்கப்தான் இன்றும் ஓடுகிறது. எஞ்சின் முதல் இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். பாடிதான் பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருவில் தேங்கிய தண்ணீரில் ஃபுட்போர்டு முழுகி இரண்டு நாள் நின்றது. அடுத்த மாதம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழுக்கான சோதனை, இருந்ததால் ஒரு பட்டறையில் விட்டு 28,000 ரூபாய் கொடுத்து எடுத்தேன். புது வண்டி மாதிரி பளபளப்பாகத் திரும்பி வந்தது, எஃப்.சி.யும் கிடைத்தது, நானும் மறந்துவிட்டேன்.

போன ஏப்ரலில் வண்டி கழுவும்போது டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருப்பதைப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினால் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. நெம்பியதும் விரல் தடிமனுக்குப் பட்டி ஓடு மாதிரி பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் தகரமே இல்லை, சுருட்டித் திணித்த செய்தித்தாள் இருந்தது. எடுத்துப் பிரித்தேன், கையில் ஒட்டும் அளவுக்கு ஈரம். மழை நின்று எத்தனையோ வாரம் ஆகியும் அந்தத் தாள் காயவே இல்லை. ஓரத்தில் தேதி அழியாமல் இருந்தது: 2024 ஜனவரி. வண்டி அந்தப் பட்டறையில் நின்ற மாதம். ஓட்டையை அடைக்கத் தாளைத் திணித்து, அதன் மேல் பட்டியை அப்பி, தேய்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்த அந்தத் தாள், சுற்றியிருந்த நல்ல தகரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. உள்ளங்கை அளவு இருந்திருக்க வேண்டிய ஓட்டை முழம் நீளத்துக்கு ஓடியிருந்தது.

கோபம் வந்தது உண்மை. ஆனால் அன்று நான் பட்டறையில் சொன்னது, "எஃப்.சி.க்கு நிக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க, நாலு நாள்ல வேணும்" என்பதுதான். சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. எடுக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் அவசரமாகப் பெயிண்ட் அடித்துக் கொண்டுபோய் நிறுத்துவது சென்னையில் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் பழகிப்போன வேலை. நாலு நாளில் துருவை வெட்டித் தகரம் வைக்க முடியாது, மூடத்தான் முடியும்.

இந்தத் தடவை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். எங்கள் தெரு முனையில் முப்பது வருஷம் டிங்கரிங் கடை வைத்திருந்து, இப்போது முதுகு வலியால் கடையை மூடிவிட்ட பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன். வந்து பார்த்தவர் எதையும் வாங்கச் சொல்லவில்லை, வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துவரச் சொன்னார். அதை வண்டி முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். நல்ல தகரத்தில் டக்கென்று பிடிக்கும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் வழுக்கிக் கீழே விழும். விழுந்த இடங்களில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார், பதினோரு வட்டம். அப்புறம் சுத்தியல் பிடியால் தட்டிக் காட்டினார்: நல்ல ஷீட் 'டங்' என்று சொல்லும், இத்துப்போனது 'டொப்' என்று சொல்லும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

வேலையின் அடிப்படை ஒன்றுதான். துரு எங்கே முடிந்து பளிச்சென்ற இரும்பு எங்கே தொடங்குகிறதோ அதையும் தாண்டி ஒரு விரல் அளவு வெட்டி எடுக்க வேண்டும். கை நடுங்கும், இவ்வளவு பெரிய ஓட்டையா என்று மனசு கேட்காது, கொஞ்சம் விட்டுவைக்கத் தோன்றும். விட்டுவைத்த இடத்திலிருந்துதான் மறுபடியும் கிளம்பும். அட்டையில் அளவு வெட்டி, அதை 20 கேஜ் சி.ஆர். ஷீட்டில், அதாவது 0.9 மி.மீ. தகரத்தில் வரைந்து, தகரக் கத்தரியால் வெட்டி, மரக்கட்டையில் வைத்துத் தட்டி வளைவு எடுத்தேன். முதல் இரண்டு துண்டும் வீண். மூன்றாவதுதான் பொருந்தியது. ஒரு பக்கக் கதவின் அடிப்பகுதி வெட்டி ஒட்டும் நிலையில் இல்லை. புதுப்பேட்டையில் இரண்டு ஞாயிறு அலைந்து, அடி விளிம்பு நன்றாக இருந்த பழைய கதவு ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினேன்.

வெல்டிங் நான் செய்யவில்லை, அது சொல்லிவிட வேண்டிய விஷயம். மெல்லிய ஷீட்டில் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் விழும். கேஸ் வைத்தால் சூடு பரவித் தகரம் அப்பளம் மாதிரி நெளியும். பாய்க்குத் தெரிந்த ஒரு தம்பி சிறிய சி.ஓ.2 வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து செய்து கொடுத்தார். கோடு இழுத்த மாதிரி ஒரே ஓட்டமாக அடிக்கவே இல்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருந்து இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று. ஒன்றரை அடிப் பட்டைக்கு ஒரு காலைப் பொழுது ஆனது. அதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றினோம், மிதியடியும் சீட்டும் வெளியே, டீசல் பைப்பும் பிரேக் பைப்பும் போகும் பக்கம் ஈரச் சாக்கு, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும். வண்டியைத் தாங்கும் சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் வீட்டில் யாரும் தொடவே கூடாது, அது தேர்ந்த கைக்கு மட்டுமான வேலை.

பட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது கெட்ட பொருள் இல்லை. கடைசி ஒன்றிரண்டு மி.மீ. மேடு பள்ளத்தைச் சமன் செய்வதுதான் அதன் வேலை. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதனால் ஓட்டைக்கு மேல் வைத்தால் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். நூறு கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 2 கிராம் போல, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொண்டைக்கடலை என்று பாய் கணக்குச் சொன்னார். சென்னை மே மாத வெயிலில் ஐந்து நிமிஷத்தில் கல்லாகிவிடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரை அள்ளிப் போட்டால் பின்னால் பெயிண்டில் கறை எழும்பும். தேய்த்த பிறகு சமன் ஆகிவிட்டதா என்று கண்ணால் பார்க்காதே என்றார். மெல்லிய பனியன் துணியை வைத்து அதன் மேல் உள்ளங்கையால் நீளவாக்கில் தடவச் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் மூன்று பள்ளம் கைக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி உப்பு. எண்ணூர் விரைவுச் சாலையோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காலையில் கண்ணாடியைத் தொட்டால் பிசுபிசுக்கும். அந்த உப்பைக் கழுவாமல் பெயிண்ட் அடித்தால், அடியில் மாட்டிக்கொண்ட உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். கழுவுவதும் எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். கடலோர வட சென்னையில் நிலத்தடி நீரிலேயே கடல்நீர் ஏறியிருக்கிறது. போர் தண்ணீரில் வண்டி கழுவினால் உப்பால் குளிப்பாட்டிய மாதிரிதான். தகரத்தைத் தேய்த்து முடித்த அன்று குடிக்க வரும் மெட்ரோ வாட்டரில் நாலு குடத்தை அதற்கென்று எடுத்து வைத்தோம். வீட்டில் முதலில் முணுமுணுப்பு, பிறகு அவர்களே ஊற்றிக் கொடுத்தார்கள். கழுவித் துடைத்து, முழுசாகக் காய்ந்ததும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு.

கைக்கு எட்டாத மடிப்புகளில் இருந்த மேல்துருவுக்குத் துருவை மாற்றும் கறுப்புத் திரவம் ஒன்று கடையில் கிடைக்கிறது. அதில் சில வகைகளில் இருப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள். கடுக்காயில் இருப்பதும் டானின்தான், இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவது இதே சேர்க்கையால். இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பெயிண்ட் அடிக்க விடியற்காலை சரிப்படாது, பனியும் கடற்காற்றும் சேர்ந்து நாங்கள் அடித்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் ஏறி ஈரம் விட்ட பிறகு அடித்தோம். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு பேக் பெயிண்டை வீட்டில் தொடாதீர்கள். அதிலிருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் விட்டுத்தான் தேய்த்தோம், பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை.

கிரைண்டர் நீங்கலாக எனக்கு ஆனது 7,000 ரூபாய்க்குப் பக்கம், அதோடு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். உற்றுப் பார்த்தால் பட்டறை வேலை அளவுக்கு வழவழப்பு இல்லை. ஆனால் இப்போது காந்தம் வண்டியின் எந்த மூலையிலும் பிடிக்கிறது.

இதில் அரசு செய்யக்கூடியது இரண்டு. ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டத்தில் வாகன பாடி ரிப்பேருக்கும் பெயிண்டிங்குக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அந்தப் பட்டறைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து, எங்களைப் போல ஒற்றை வண்டி வைத்துப் பிழைப்பவர்களுக்கும் டிரைவர்களுக்கும் ஆறு வாரப் பயிற்சி கொடுத்தால் கட்டணம் கட்டிப் படிக்க நான் முதல் ஆளாக வருவேன். பாய் மாதிரியானவர்களுக்கு மரியாதையோடு சம்பளம் கொடுத்து அங்கே சொல்லித்தரக் கூப்பிட வேண்டும். அவர் கையில் இருப்பது அவரோடு போய்விடக் கூடாது. இரண்டாவது, எஃப்.சி. பார்க்கும்போது மேல் பெயிண்டைப் பார்த்து விட்டுவிடாமல் ஃபுட்போர்டு, கேபின் தரை, சக்கரத்தின் மேல்வளைவு ஆகிய மூன்று இடங்களிலும் காந்தம் வைத்துத் தட்டிப் பார்க்கட்டும். அப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் தாளைத் திணிக்கும் பட்டறையும் இருக்காது, நாலு நாளில் கேட்கும் என்னைப் போன்ற வண்டிக்காரரும் இருக்க மாட்டார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது, அதனால் இந்தக் கடிதத்தைச் செப்டம்பருக்குள் வெளியிட்டால் பயன்படும். கதவுக் கண்ணாடியின் ரப்பர் பீடிங் வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேறக் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் அவை மண்ணும் பழைய பெயிண்டும் அடைத்துக் கிடக்கின்றன, என் வண்டியில் துரு தொடங்கியதும் அங்கேதான். குனிந்து பார்த்து ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டால் போதும், ஒரு கதவுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

இப்படிக்கு,
வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் உங்கள் வாசகர்,
திருவொற்றியூர், சென்னை