கதவில் விழுந்த கோடும் காப்புறுதிக் கணக்கும்

யாழ்ப்பாணம்,
நல்லூர்த் தேர் முடிந்த கையோடு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகனின் கார் கனடாவில், ஸ்காபரோவில் ஏதோ பிளாசாத் தரிப்பிடத்தில் உரசுப்பட்டதையும், காப்புறுதிக்குச் சொல்வதா விடுவதா என்று வீட்டில் ஆளுக்கொரு கட்சியாக நிற்கிறீர்கள் என்பதையும் வாசித்துவிட்டு மனுசியிடம் கொடுத்தேன். "உங்களைப் பாத்து எழுதினமாதிரியெல்லோ இருக்கு" என்றாள். திருவிழா நேரத்தில் என் காருக்கும் ஒரு கோடு விழுந்தது. இங்கேயும் அதே பட்டிமன்றம்தான்.

ஊர்ப் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சனம் இந்த முறையும் குறைவில்லை, வெயிலும் குறைவில்லை. உன் அண்ணருக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பேப்பரில் மரண அறிவித்தலை இனி யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை, அதுவே அவருக்குப் பெரிய சந்தோசம். மற்றும்படி எல்லாரும் சுகம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். திருவிழாவுக்குக் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள், உனக்குத் தெரிந்ததுதானே. பருத்தித்துறை வீதியில் போகவேண்டிய வாகனமெல்லாம் ஒழுங்கைகளுக்குள் இறங்கிவிடும். அரசடி வீதியால் நான் ஊர்ந்துகொண்டு வர, இடப்பக்க ஒழுங்கையால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஏறினார். திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருகிறவர், ஹான்டிலில் முருங்கைக்காய்க் கட்டு தொங்குகிறது. அந்தக் கட்டு முதலில் என் பக்கக் கண்ணாடியில் கொழுவியது. பிறகு ஹான்டில் திரும்பி, பிரேக் லீவர் முன் கதவிலிருந்து பின் கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஆள் விழவில்லை. காலை ஊன்றி நின்றுவிட்டார். கணுக்காலில் மட்டும் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது. கண்ணாடி உடைந்து வயரில் தொங்கியது.

பத்துப் பேர் கூடினார்கள். எங்கள் ஊர் வீதி நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதிவைத்ததுதான்: எது பெரிய வாகனமோ அதுதான் பிழை. சைக்கிளோடு மோட்டார் சைக்கிள் பட்டால் மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிளோடு கார் பட்டால் கார். அப்படித் தொடங்கிய கூட்டம் எங்கள் இருவரின் நரைத்த தலைமயிரையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தது. "பொலிஸ் எண்டு போனா ரெண்டு பேருக்கும் அலைச்சல். அவரவர் தங்கடை தங்கடையைச் செய்யுங்கோ." மற்றவரும், "எனக்கு ஒண்டுமில்லை ஐயா, உங்கடை காருக்குத்தான்..." என்று இழுத்தார். நல்ல மனுசன்.

நான் படம் எடுத்தேன். இரண்டு இலக்கத்தகடுகள், கதவு, ஒழுங்கை வாய், அவருடைய அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, அவருடைய கணுக்கால். கணுக்காலைப் படம் எடுத்தது கூட்டத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. எடுக்கத்தான் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் மனுசி, "விட்டுத்தள்ளுங்கோ, காருக்குத்தானே" என்கிறாள். மகள் உடனே கம்பனிக்குக் கோல் எடுக்கச் சொல்கிறாள். மருமகன் கல்குலேற்றரோடு வந்து குந்திவிட்டார். அவருடைய கணக்கை உனக்கும் எழுதுகிறேன், உன் மகனும் இதைத்தானே போட்டுக்கொண்டிருப்பான்.

கொக்குவில் கராச்காரர் பெற்றோல் துணியால் கதவைத் துடைத்தார். கோட்டில் பாதி துணியோடு வந்துவிட்டது. அது மற்ற வாகனத்தின் பெயின்ற். மிச்சத்தில் பெருவிரல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தார். நகம் வழுக்கிப் போன இடத்துக்குப் பொலிஷ் போதும், நகம் மாட்டிய இடத்துக்குப் பெயின்ற் வேண்டும் என்றார். பின் கதவில் மாட்டியது. கண்ணாடியைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகக் கடைகளில் எடுப்பிக்கலாம். எல்லாம் சேர்த்து 42,000 ரூபா சொன்னார்.

என் காப்புறுதியில் முதல் 10,000 என் பொறுப்பு. அதைக் கழித்தால் கம்பனி தருவது 32,000. இனி மற்றப் பக்கம். கம்பனியிடம் காசு கேட்டுக் கோரிக்கை போடாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி எனக்கு 60% இருக்கிறது. முழுக் கட்டணம் 150,000, நான் கட்டுவது 60,000, வரி வேறு. ஒரு கோரிக்கை போட்டால் என் கம்பனி அதை 40% ஆக இறக்கும். அடுத்த வருசம் 90,000 கட்டவேண்டும். அதற்கடுத்த வருசம் 50%, அப்போது 75,000. பிறகுதான் பழைய இடம். கூட்டிப்பார், 32,000 வாங்குவதற்கு இரண்டு வருசத்திலும் சேர்த்து மேலதிகமாக 45,000 கட்டுகிறேன். கம்பனிக்குக் கம்பனி இந்த அட்டவணை மாறும், ஆனால் போடவேண்டிய கணக்கு இதுதான்.

"அப்ப முடிஞ்சுது, கைக்காசு" என்று மருமகன் எழும்பினார். மதிற்தூணில் நான் தனியாக உரசியிருந்தால் நானும் எழும்பியிருப்பேன். தூண் பிறகு வந்து முதுகு நோகிறது என்று சொல்லாது.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் பிணக்கு. அவர் கதவைப் பார்க்கிறார், நான் அந்தக் கணுக்காலைப் பார்க்கிறேன், படம் எடுத்ததும் அதனால்தான். அந்த மனுசனுக்கு இரவில் கால் வீங்கலாம். நீரிழிவு இருந்தால் அந்தச் சின்ன உரிவு புண்ணாகலாம். பிள்ளைகள் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே என்ன நடந்தது என்று கேட்பார்கள், வாகனம் பட்டது என்று சொன்னால் ஆஸ்பத்திரிப் பொலிஸில் பதிவாகும். அதோடு நாங்கள் வீதியில் பேசி முடித்த சமாதானம் போய்விடும், அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை, ஆஸ்பத்திரி நடைமுறை அப்படி. பிறகு ஒரு நாள் எனக்குக் கோல் வரும். அப்போது நான் கம்பனிக்குப் போய், முன்பே நடந்த விபத்து இது, கதவையும் திருத்திவிட்டேன் என்று சொன்னால், ஏன் அறிவிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். உடனே அறிவிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. 32,000 போனால் போகட்டும், காயத்துக்கான நட்டஈட்டை நான் தனியாகச் சுமக்க முடியுமா?

எங்கள் ஏஜென்றைக் கேட்டேன். அவர் சொன்னதில்தான் விசயம் இருக்கிறது: அறிவிப்பது வேறு, கோருவது வேறு. நடந்ததை அறிவி, ஆள் வந்து பார்த்துப் படம் எடுக்கட்டும், பிறகு என் சேதத்துக்குக் காசு கேட்கவில்லை என்று எழுத்தில் கொடு. கோரிக்கை இல்லாவிட்டால் தள்ளுபடியில் கைவைக்கமாட்டார்கள். நாளைக்கு மற்றப் பக்கத்திலிருந்து ஏதும் வந்தால் கம்பனி முன்னுக்கு நிற்கும். வாயால் சொன்னதை நம்பாமல், தள்ளுபடி குறையாது என்பதையும் அவரிடம் எழுத்தில் வாங்கிவிட்டேன். நீயும் உன் ஏஜென்றிடம் இதைத்தான் முதலில் கேள். சில இடங்களில் ஒரு கோல் எடுத்தாலே கோரிக்கை என்று பதிந்துவிடுவார்கள்.

அன்று பின்னேரமே அறிவித்தேன். கம்பனிப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து, ரெலிபோனால் நாலு பக்கமும் படம் எடுத்து, அரைமணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போனான். தேத்தண்ணி குடிக்கவும் நேரமில்லை, அடுத்த விபத்து சுன்னாகத்தில் காத்திருக்கிறதாம். கால் எப்படி என்று கேட்க மோட்டார் சைக்கிள்காரருக்கும் கோல் எடுத்தேன். ஏற்பு வராமலிருக்க ஊசி போட்டுவிட்டாராம். முருங்கைக்காய் முறிந்துபோனதுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாம்.

பக்கத்து வீட்டு மாஸ்டரின் கதை வேறு. அவருடைய கார் மதகில் இறங்கியது, சேதம் பெரிது, கோரினார். ஆனால் காருக்குக் காப்புறுதி செய்திருந்த பெறுமதி பழைய பெறுமதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, பிறகு 2022இல் ரூபாயும் விழுந்தது, பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025இல் இறக்குமதியைத் திறந்தும் அந்தப் பழைய விலை திரும்பவில்லை. மாஸ்டர் கட்டணம் கூடும் என்று பெறுமதியை உயர்த்தாமலே விட்டுவிட்டார். 80 இலட்சம் பெறுமதியான காருக்கு 50 இலட்சம் என்று எழுதியிருந்தால், 80,000 சேதத்துக்கு 50,000 தான் தருவோம் என்று விகிதம் பிரிப்பார்கள். அவருக்கும் அப்படித்தான் பிரித்தார்கள். கோருவதா விடுவதா என்று மண்டையை உடைப்பதற்கு முன்னம் அந்தக் கடதாசியில் என்ன பெறுமதி இருக்கிறது என்று ஒருக்கால் பார்ப்பது நல்லது.

உன் மகன் விசயம். ஒன்ராறியோவில் 2025 ஜனவரியிலிருந்து சேதம் 5,000 டொலருக்கு மேல் போனால்தான் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும், முன்பு அது 2,000. காயம் என்றால் தொகையே பார்க்கக்கூடாது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே சொல்லத் தேவையில்லை என்கிறான் போலிருக்கிறது. பொலிசின் எல்லை வேறு, காப்புறுதி ஒப்பந்தம் வேறு என்று அவனுக்கு எடுத்துச் சொல். மற்றக் காரில் ஆள் இருந்ததா, வெறும் காரா? அதை நீ எழுதவில்லை. வெறும் கார், சின்னக் கீறல், சொந்தக்காரர் காசை வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறார் என்றால் அவன் சொல்வது சரி. உள்ளே ஆள் இருந்தால், அறிவிக்கவேண்டும் என்று மருமகள் சொல்வதுதான் சரி.

எங்கள் ஐயாவின் ஒஸ்ரின் காரை நினைத்துப்பார். போர் நடந்து பெற்றோல் தடையிருந்த காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடினோம். அதில் கீறல் விழுந்தது யாருக்குத் தெரிந்தது? கீறல் இல்லாத இடம் எங்கே என்றுதான் தேடவேண்டும்.

மார்கழியில் வரும்போது காரைத் தரமுடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடு. ஆனால் கனடா அனுமதிப்பத்திரத்தை மட்டும் பொக்கற்றில் வைத்துக்கொண்டு இங்கே ஓடமுடியாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதியை முதலில் எடுத்துக்கொள். அது இல்லாதவன் ஓட்டி எங்கேனும் பட்டால் காரின் சேதத்துக்குக் கம்பனி ஒரு சதமும் தராது. பக்கக் கண்ணாடி அதற்குள் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்துவிடும். பின் கதவுக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. நீ ஓடிவிட்டுப் போனபிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரேயடியாக அடிக்கலாம் என்று மருமகன் சொல்கிறார்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி