ஜவ்வரிசிக்கு ஒரு சாட்சி

அம்மாபேட்டை, சேலம்
ஜூன் 14

அன்புள்ள சரோஜா,

நீ அனுப்பிய செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது, இரண்டாம் முறை கோபம் வந்தது. புனேயில் உன் சம்பந்தியம்மா ஏகாதசிக்கு ஜவ்வரிசிக் கிச்சடி செய்வதையே விட்டுவிட்டார்கள், "நீங்கள் சேலத்துக்காரிதானே, உண்மையைச் சொல்லுங்கள்" என்று உன்னைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலையில் இருபத்தேழு வருடம் கணக்கு எழுதியவளை விட்டால் வேறு யாரிடம் போவாய்?

அந்தச் செய்தி சொல்வது இதுதான்: சேலத்திலிருந்து கோவை போகும் சாலையோரம், குழிகளில் மாதக்கணக்கில் மரவள்ளிக் கிழங்கை அழுகப் போடுகிறார்களாம். புழு நெளிகிறதாம். புழுவோடு சேர்த்துக் காலால் மிதித்து ஜவ்வரிசி செய்கிறார்களாம். ஆகவே அது அசைவமாம். இந்தக் கதை நான் வேலையில் இருந்த காலத்திலேயே வடக்கே சுற்றிக்கொண்டிருந்தது. இதை எழுதியவன் எவனோ, அவன் ஒரு நாளும் கிழங்கு வாங்கியவன் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

மரவள்ளி லாரி ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது பாயிண்ட் பார்ப்பது. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதைத்தான் பாயிண்ட் என்போம். விலையே அந்தப் பாயிண்டுக்குத்தான். ஒரு பாயிண்ட் குறைந்தால் விவசாயி சண்டைக்கு வருவார், கூடினால் முதலாளி முகம் சுருங்கும். வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு விழுந்து கெட ஆரம்பிக்கும். இப்படிப் பாயிண்ட் பாயிண்டாக எண்ணிக் காசு கொடுத்து வாங்கிய சரக்கை மாதக்கணக்கில் குழியில் அழுகவிடுவதற்கு எந்த முதலாளிக்காவது பைத்தியமா? எங்கள் முதலாளி, கிழங்கு லாரி வந்து இறங்கிய இரவில் மின்சாரம் போனால் தூங்கவே மாட்டார்.

தோலை உரிப்பார்கள், கழுவுவார்கள், அரைப்பார்கள். அரைத்ததைத் தண்ணீர் விட்டுச் சலித்தால் சக்கை தனியே நிற்கும். அதற்குப் பெயர் திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். வடிந்து வரும் மாவுப்பாலைத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படிந்து கெட்டியாகிவிடும். அதை வெட்டியெடுத்துப் பொடித்து, ஈரப்பதத்தோடு குலுக்கிக் குலுக்கி மணியாக உருட்டுவார்கள். முன்பெல்லாம் தூளிபோலக் கட்டிய துணியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆட்டுவார்கள், பிறகு அதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. துளி தேங்காய் எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் வறுத்தெடுத்தால் சாதாரண ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. அப்புறம் சிமெண்ட் களத்தில் வெயில். இதில் புழுவுக்கு எங்கே இடம் இருக்கிறது?

காலால் மிதிப்பது முழுப் பொய் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். படிந்த மாவை வெட்டியெடுக்க ஆட்கள் தொட்டிக்குள் இறங்கியதை ஆரம்ப வருடங்களில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆலைப் பக்கம் பஸ்ஸில் போனால் ஒரு புளித்த நாற்றம் அடிக்கும், அதுவும் உண்மை. மாவு படிந்த பிறகு வெளியேற்றும் தண்ணீர் தேங்கிப் புளிப்பதால் வரும் நாற்றம் அது. வண்டியில் போகிறபோது மூக்கைப் பொத்திக்கொண்ட எவனோ ஒருவனுக்குத்தான் இந்தப் புழு தோன்றியிருக்க வேண்டும்.

அந்தச் செய்தியை எழுதியவனுக்கு நிஜமான பயம் ஒன்றை நான் சொல்லியிருப்பேன். மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பச்சை இலையை மேய்ந்து ஆடு செத்த கதை ஆத்தூர்ப் பக்கத்தில் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். தோல் சீவுவதும், அரைப்பதும், அத்தனை தண்ணீர் விட்டு அலசுவதும் அந்த நஞ்சையும் சேர்த்தே நீக்குகின்றன. 'இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஆடுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் உன் சம்பந்தியம்மாவிடம் சொல். ஜவ்வரிசியில் பயப்பட வேண்டியது வெள்ளைக்குத்தான். பளபளவென்று இருந்தால் வியாபாரி கூடுதல் விலை கொடுக்கிறான் என்பதற்காக ரசாயனம் போட்டு வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகாரிகள் சோதனை போட்டு மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்ததும் உண்டு. கண்ணைப் பறிக்கும் வெள்ளையை விட்டுவிட்டு, கொஞ்சம் மங்கலாக இருப்பதை வாங்கச் சொல்.

இவ்வளவு நேரம் ஜவ்வரிசிக்காக வாதாடிவிட்டேன். இனி அதற்கு எதிராகவும் நானே சாட்சி சொல்ல வேண்டும். என் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் இந்த வீடும் அந்த வெள்ளை மணிகள் கொடுத்தவைதான். 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு மூட்டை ஏற்றிவிட்டு ஏலத் தொகை வரும் வரை காத்திருந்த நாட்கள் எத்தனையோ. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் அதில் சத்து என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, சரோஜா. நூறு கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது, அத்தனையும் மாவு. புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. கிழங்கில் இருந்த கொஞ்ச நஞ்சமும் அந்தத் தொட்டித் தண்ணீரோடும் திப்பியோடும் போய்விடுகிறது.

நம் அம்மாயிமார்கள் குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தார்கள். வயிற்றைத் தொந்தரவு செய்யாது, அதுவரை சரி. "பிள்ளை பூசினாற்போல ஆகும்" என்று நானும் என் பேத்திக்கு இரண்டு வேளை காய்ச்சிக் கொடுத்தேன். அங்கன்வாடிப் பெண் எடை பார்த்துவிட்டு, "பாட்டி, இதில் பருப்பு ஏதாவது போடுகிறீர்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. புனேக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கிச்சடியில் வறுத்த நிலக்கடலையை இடித்துப் போடுகிறார்களே, நூறு கிராம் கடலையில் இருபத்தைந்து கிராம் புரதம் இருக்கிறது. அந்தக் கிச்சடியின் மானத்தைக் காப்பாற்றுவதே கடலைதான்.

என் சேதிக்கு வருகிறேன். தை மாதம் எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா? ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.4 இருந்தது. வீட்டு வாசலில் சங்கு ஊதியதுபோல அடுத்த நாளே ஆலோசனை சொல்கிறவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைச் சர்க்கரையை ஒழித்துவிட்டு நாட்டுச் சர்க்கரை போட்டுக்கொள், அது ஒன்றும் செய்யாது என்று எதிர்வீட்டு அக்கா அடித்துச் சொன்னார். எனக்கும் அது இனிப்பாகவே கேட்டது. காபியில் ஒரு கரண்டிக்கு ஒன்றரைக் கரண்டி, வெல்லம் போட்ட கடலை மிட்டாய், சாயங்காலம் தேன் கலந்த வெந்நீர் என்று மூன்று மாதம் போனது. அடுத்த சோதனையில் 8.1.

டாக்டர் திட்டவில்லை, கணக்குக்காரி என்பதால் கணக்காகவே சொன்னார். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ, அதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாதுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இரும்புக்காக வெல்லம் தின்பது, எட்டணா தள்ளுபடிக்காக நூறு ரூபாய்ப் புடவை எடுப்பது மாதிரி. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பேரேட்டில் வேறு தலைப்பில் எழுதினாலும் செலவு செலவுதான். இதைத் தெரிந்தே எத்தனை பேருக்குத் திருத்தியிருப்பேன், என் சொந்தப் பேரேட்டில் கோட்டை விட்டேன். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-இல் சொன்னது. அதில் எத்தனை கோடிப் பேர் நாட்டுச் சர்க்கரை டப்பாவை நம்பிக்கொண்டிருக்கிறார்களோ.

அடுத்து ராகி. கால்சியம் என்றால் ராகிதான், அதில் சந்தேகமே வேண்டாம். நூறு கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி வரும், பசும்பாலைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் ராகி மாவை நீர்க்கக் காய்ச்சிக் கூழாகக் குடித்துவிட்டு 'அரிசியே தொடவில்லை' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன் பார், ரத்தச் சர்க்கரைக்கு அந்தப் பெருமை தெரியவில்லை. சாமை, தினைக்கும் இதே கதைதான். மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து, கிட்டத்தட்ட அரிசி போலத்தான். தவிடு இருந்தால் நார்ச்சத்து கிடைக்கும். கடையில் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கி விற்கும் சாமையில் அதுவும் இல்லை. சேர்வராயன் மலைக்காரர்கள் சாமைச் சோற்றோடு அவரையும் கீரையும் தின்றார்கள், தின்றுவிட்டு மலையும் ஏறினார்கள். நான் தின்றுவிட்டுத் தொலைக்காட்சி பார்த்தேன்.

பழையது எல்லாம் தப்பு என்கிறாளோ என்று நினைத்துவிடாதே. புழுங்கல் அரிசியை எடுத்துக்கொள். அந்தக் காலத்தில் தீட்டிய பச்சரிசியே கதியாக இருந்தவர்களைப் பெரிபெரி என்ற நோய் முடக்கியது. பி1 வைட்டமின் தவிட்டோடு போய்விடுவதால் வருவது அது. அதை ஆராய்வதற்காக 1918-இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஒரே ஓர் அறையில் ஆரம்பித்ததுதான், 1958-இல் இடம் மாறி இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் அந்த வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் புழுங்கல் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். வைட்டமின் என்ற பெயரைக் கேள்விப்படாத என் அம்மாயி, பச்சரிசியைப் பொங்கலுக்கும் படையலுக்கும் தவிர உள்ளே விட மாட்டாள். மாம்பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் தருவாள், 'சூடு' என்பாள். சூடோ இல்லையோ, காம்பில் வடியும் பால் பட்டு வாய் புண்ணாவது நிஜம். அதைக் கழுவுவதற்கு அவள் சொன்ன காரணம் எதுவாக இருந்தால் என்ன.

மாம்பழம் என்றதும் கேட்பாய். டாக்டர் மொத்தமாகத் தடை போடவில்லை. சோற்றுக்கு மேலே பழம் கூடாது, சோற்றைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் இரண்டு துண்டு என்றார். இந்த வருடம் இமாம்பசந்த் நன்றாக வந்தது. இரண்டு துண்டை அரை மணி நேரம் சாப்பிட்டேன்.

போன மாதம் அண்ணன் மகனோடு ஏற்காடு போய்வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உன்னை நினைத்தேன், பள்ளிச் சுற்றுலாவில் பதினான்காவது வளைவில் என் பாவாடையில் வாந்தி எடுத்தாயே! மேலே சாலையோரம் வெண்ணெய்ப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். அண்ணி தொடவே பயந்தார், அத்தனையும் கொழுப்பாம். விற்கிற பையனோ, "தொப்பையைக் கரைக்கும்மா" என்றான். இரண்டும் சரியில்லை. அதில் இருப்பது இதயத்துக்குப் பெரும்பாலும் நல்ல வகைக் கொழுப்பு. ஆனால் நூறு கிராமில் 160 கலோரி வைத்துக்கொண்டு அது எந்தத் தொப்பையைக் கரைக்கும்? அவன் சொன்ன விலையைக் கேட்டதும் ஒரு கூறு கொய்யா வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, கொட்டையை மெல்லப் பல் இருந்தால் போதும்.

உன் பேத்திக்கு ரத்தம் குறைவு என்று தினமும் பீட்ரூட் சாறு கொடுப்பதாக எழுதியிருந்தாய். நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பீட்ரூட்டால் ரத்தம் ஊறும் என்றால், பீட்ரூட் துருவல் வைத்த தட்டுவடை செட் தின்றே வளர்ந்த சேலத்தில் ஒருவருக்கும் சோகை இருக்கக் கூடாது. முருங்கைக்கீரை, பயறு, அசைவம் சாப்பிடுவாள் என்றால் ஈரல் கொடு. கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளட்டும், இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடிக்க வேண்டாம், அது சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல். இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லைதான். 1820-களில் காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காபிச் செடியை நட்ட நாளிலிருந்து காத்திருந்தவள்போல நான் டிபன் தட்டைக் கழுவுவதற்குள் டம்ளரைத் தேடுகிறவள். இப்போது பத்து மணிக்குத்தான் காபி, சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் கஷாயம்போல இருந்தது, இப்போது பழகிவிட்டது.

அண்ணன் மகன் 28-ஆம் தேதி வேலை விஷயமாகப் புனே வருகிறான். அவனிடம் தட்டுவடையும் இரண்டு கிலோ ஜவ்வரிசியும் கொடுத்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஆலையில் வெளுக்காமல் எடுத்தது, கொஞ்சம் பழுப்படித்துத்தான் இருக்கும். உன் சம்பந்தியம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு, இல்லையென்றால் பழைய சரக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். கிச்சடிக்குக் கடலையைக் கூடுதலாகவே போடச் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை இந்த முறையாவது மறக்காமல் எழுது.

என்றும் உன்,
ராஜேஸ்வரி