சின்னவளுக்கு, ஒரு கல்லைப் பற்றி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் தினமும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் குக்கர் கத்தும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள், நானும் அதுதான் சாக்கு என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் நான் லண்டன் வந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாயே. ரொசெட்டா கல்லைச் சுற்றி நின்ற கூட்டத்தில் என்னை முன்னால் விட்டுவிட்டு நீ பின்னால் நின்றாய். இத்தனை வருஷம் வரலாற்று வகுப்பில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மூன்று விதமான எழுத்து, 1822-இல் சாம்போலியன் படித்துச் சொன்னது, அவ்வளவுதான் பாடம். அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். கி.மு. 196-இல் எகிப்தின் மெம்பிஸ் நகரத்தில் கூடிய பூசாரிகள் ஐந்தாம் டாலமி ராஜாவைப் புகழ்ந்து போட்ட தீர்மானம். வரி தள்ளுபடி, கோயிலுக்கு மானியம் என்று நம் கோயில் கல்வெட்டு மாதிரியே போகிறது. சரி, இந்த மெம்பிஸ் பூசாரிகள் யார் என்று பார்க்கப் போய், இன்னொரு கல்லுக்கு வந்து சேர்ந்தேன். அதுவும் அந்த மியூசியத்துடையதுதான். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று. படத்தில்தான் பார்த்தேன். அதன் மொழிபெயர்ப்பை மட்டும் நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

தைம்ஹோதெப் என்ற பெண்ணின் நினைவுக்கல் அது. பெரிய கல் இல்லை, 90 செ.மீ. உயரம்தான் இருக்கும். வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல், மேல்விளிம்பு வளைவாக இருக்கிறது. உச்சியில் சிறகு விரித்த சூரிய வட்டம். அதன் கீழே அவள் தெய்வங்களைக் கும்பிட்டபடி நிற்கிறாள். நரித்தலை அனுபிஸ், ஒசிரிஸ், அபிஸ் காளை, ஐசிஸ் என்று எதிரே வரிசையாக நிற்கிறார்கள். அதற்கும் கீழே இருபது வரிக்கு மேல் பொடிப்பொடியாகச் சித்திர எழுத்து. பறவை, கண், கை, நீர் அலை. ஓர் இடம்கூட வெறுமையாக விடவில்லை.

அவளே பேசுவதுபோல எழுதியிருக்கிறது. எழுத்தும் உளி வேலையும் வேறு ஒருவருடையவை, அவர் தன் பெயரையும் கடைசியில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆனாலும் நான் அதை அவள் குரலாகத்தான் படித்தேன். கி.மு. 73-இல் பிறந்தாள், கிளியோபாட்ராவின் அப்பா ஆண்ட காலம். பதினாலு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பஷெரென்ப்தா, மெம்பிஸில் ப்தா தெய்வத்தின் தலைமைப் பூசாரி. அதே பதினாலு வயதில் ராஜாவுக்கே முடிசூட்டியவர். பெரிய இடம். அப்புறம் அந்த வரி வருகிறது. மூன்று முறை கருவுற்றேன், ஆண்பிள்ளை பிறக்கவில்லை, மூன்று பெண்கள்தான்.

அந்த 'தான்' எனக்குத் தெரியும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கல்லில் அதைப் படிப்பேன் என்று நினைக்கவில்லை. உன் பாட்டி வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், தெருவில் கேட்டிருக்கிறேன். "மூணும் பொண்ணுதானா" என்று கேட்டவர்களுக்கு நானே "ஆமா, பொண்ணுதான்" என்று சொல்லியிருக்கிறேன்.

தைம்ஹோதெப்பும் அவள் கணவரும் இம்ஹோதெப்பிடம் வேண்டிக்கொள்கிறார்கள். சக்காராவில் ஜோசர் ராஜாவுக்குப் படிக்கட்டுப் பிரமிடு கட்டிய அதே இம்ஹோதெப்தான். மனிதராகப் பிறந்து, இறந்து பல நூற்றாண்டுக்குப் பிறகு தெய்வமானவர். பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை கொடுப்பவர் என்று பெயர். இம்ஹோதெப் அவள் கணவரின் கனவில் வந்து, என் உடல் மறைந்திருக்கும் சன்னிதியில் பெரிய திருப்பணி செய், உனக்கு ஆண்பிள்ளை தருகிறேன் என்கிறார். விழித்ததும் சிற்பிகளைக் கூப்பிட்டு வேலை தொடங்குகிறார்கள். கி.மு. 46-இல் பையன் பிறக்கிறான். கிளியோபாட்ராவின் ஆறாவது ஆட்சி ஆண்டு, எபிஃபி மாதம் பதினைந்தாம் நாள், பகலில் எட்டாவது மணி நேரம். சாமி பெயரையே வைக்கிறார்கள், இம்ஹோதெப் என்று. பெதுபாஸ்திஸ் என்றும் கூப்பிடுகிறார்கள். ஊரே கொண்டாடியது என்று கல் சொல்கிறது.

நாலே வருஷத்தில் அவள் போய்விடுகிறாள். கி.மு. 42. செத்தேன் என்று அவள் சொல்லவில்லை, கரை சேர்ந்த நாள் என்கிறாள். முப்பது வயது. உன்னைப் பெற்றபோது எனக்கும் முப்பதுதான்.

இதற்குப் பிறகு வருவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எகிப்துக் கல்லறை என்றால் செத்த பிறகு போகிற இடத்திலும் விருந்தும் வயலும் இருக்கும் என்றுதான் நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இவள் அப்படிச் சொல்லவில்லை. கணவரைக் கூப்பிட்டு, குடியுங்கள், சாப்பிடுங்கள், மனசு போனபடி சந்தோஷமாக இருங்கள், கவலையை உள்ளே விடாதீர்கள் என்கிறாள். கூப்பிடும்போது 'என் சகோதரனே' என்கிறாள். அந்த நாட்டில் கணவனை அப்படி அன்பாகச் சொல்வது வழக்கமாம். செத்தவர்கள் போகிற மேற்குத் திசை தூக்கத்தின் நாடு, அங்கே ஒரே இருட்டு. அங்கே இருப்பவர்கள் எழுந்து அண்ணன் தம்பியைப் பார்ப்பதில்லை, அப்பா அம்மாவைப் பார்ப்பதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை அவர்கள் மனசு மறந்துவிட்டது. உயிருள்ளவர்களுக்கெல்லாம் தண்ணீர் கிடைக்கிறது, எனக்கோ பக்கத்தில் தண்ணீர் இருந்தும் தாகம். ஓடுகிற தண்ணீர் கொடுங்கள், என் முகத்தை வடகாற்றுப் பக்கம், நீர்க்கரையில் திருப்பி வையுங்கள், நெஞ்சு கொஞ்சம் ஆறட்டும் என்று கெஞ்சுகிறாள். எள்ளும் தண்ணீரும் இறைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சாவைப் பற்றி ஒன்று சொல்கிறாள். அதன் பெயரே 'வா' என்பதாம். யாரைக் கூப்பிட்டாலும் உடனே வந்துவிட வேண்டும். தெய்வமும் அதைப் பார்த்ததில்லை, மனிதனும் பார்த்ததில்லை. பக்கத்தில் கிழவன் நடந்துகொண்டிருக்க, தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகும். கும்பிட்டாலும் காது கொடுக்காது, காணிக்கை கொடுக்கலாம் என்றால் கண்ணில் படாது. ஏர்போர்ட்டில் நீ "போறேம்மா" என்றபோது "வரேன்னு சொல்லுடி" என்று அத்தனை பேர் முன்னால் உன்னை அதட்டினேனே. நமக்கு வா என்பது எவ்வளவு நல்ல வார்த்தை. அதைப் போய் அவள் சாவுக்குப் பெயராக வைத்திருக்கிறாள்.

அவள் போன அடுத்த வருஷமே கணவரும் போய்விட்டார். பையன் ஏழு வயதில் தலைமைப் பூசாரி ஆனான். கி.மு. 30-இல், ரோமானியர்கள் அலெக்சாந்திரியாவைப் பிடித்த அதே நாட்களில், பதினாறு வயதில் அவனும் இறந்தான். பாவம், அத்தனை வேண்டிப் பெற்ற பிள்ளை.

கல்லில் அவள் பிறந்த நாள் இருக்கிறது, கல்யாண நாள் இருக்கிறது, கரை சேர்ந்த நாள் இருக்கிறது. பையனுக்கு மணி நேரம் வரைக்கும் இருக்கிறது. மூன்று பெண்களும் என்றைக்குப் பிறந்தார்கள் என்பது இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் அக்காக்கள் இரண்டு பேருக்கும் ஜாதகம் எழுதி, மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்திருக்கிறது. உனக்கு யாரும் எழுதவில்லை. உன்னைச் சுமந்தபோது பையன் வேண்டும் என்று பதினோரு செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன். பாட்டி சொல்லித்தான் போட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, நானும் ஆசைப்பட்டுத்தான் போட்டேன். ஆயா உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்து தரையைப் பார்த்தபடி "பொண்ணும்மா" என்றாள். பாட்டி வெளியே போய்விட்டார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன், வலியில் இல்லை. கொஞ்ச நேரம்தான். அதற்குள் நீ என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாய், விடவே இல்லை.

உன் கல்யாணப் பேச்சில் பிறந்த நேரம் கேட்டபோது "விடியற்காலை" என்று பொதுவாகச் சொல்லிச் சமாளித்தோம். நீயே ஒரு தடவை என்னிடம் கேட்டாய். ஞாபகம் இல்லை என்றேன். ஏன் யாரும் குறித்துவைக்கவில்லை என்று நீ அடுத்துக் கேட்பாய், அதற்குப் பயந்து சொன்ன பொய் அது. பிரசவ அறைச் சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எப்படி மறக்கும்?

குறித்துக்கொள். 1991 ஆகஸ்ட் 13, ஆடி மாசக் கடைசி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை 4 மணி 35 நிமிஷம். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

அன்புடன்,
அம்மா