பிராடோவுக்கு ஒரு மணி நேரம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்பெயின் பயணக் கட்டுரையைப் படித்தேன். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாமாம், உள்ளே போட்டோ எடுக்க விடாததுதான் ஒரே குறையாம். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லா நாட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்த மியூசியம் இல்லை அது. ஸ்பெயின் ராஜாக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குப் பிடித்த ஓவியர்களிடம் வாங்கிக் குவித்ததுதான் அதன் அஸ்திவாரம், அதனால்தான் டிஷியன், ரூபன்ஸ், வெலாஸ்கெஸ் என்று சிலருடைய படங்கள் மட்டும் அறை அறையாக வந்துகொண்டே இருக்கும். கட்டடமே இயற்கை அறிவியல் சேகரிப்புக்காக 1785-ல் திட்டமிட்டது. நெப்போலியன் போரில் சேதமாகிக் கிடந்ததைச் சரிசெய்து மன்னர் ஏழாம் ஃபெர்னாண்டோ 1819 நவம்பரில் ஓவியங்களுக்காகத் திறந்தார். அதற்கு முனைப்புக் காட்டிய அவர் மனைவி ராணி இசபெல் அதைப் பார்க்கவில்லை, முந்தைய டிசம்பரிலேயே பிரசவத்தில் இறந்துபோனார். அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மியூசியத்தைக் கைகாட்டுவதுபோல 1829-ல் ஒரு படம் வரைந்திருக்கிறார்கள், அதுவும் பிராடோவில்தான் இருக்கிறது.

நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டு வெலாஸ்கெஸ், கோயா இருவரை மட்டும் பாருங்கள் என்பேன். 1656-ல் வெலாஸ்கெஸ் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' மூன்று மீட்டருக்கு மேல் உயரம். இளவரசி, தாதிகள், நாய் எல்லாரும் இருக்க, ஒரு பெரிய கேன்வாஸ் முன்னால் தூரிகையோடு ஓவியரே நிற்கிறார். ராஜா ராணி சும்மா கண்ணாடிப் பிம்பம்! 1800-ல் நான்காம் கார்லோஸ் குடும்பத்தை வரைந்த கோயாவும் அதேபோல இடது ஓரத்து இருட்டில் தன்னை வைத்துக்கொண்டார். பட்டும் பதக்கமுமாக நிற்கும் அந்தக் குடும்பத்தின் முகங்களைப் பார்த்தால், இதற்கு அரசர் எப்படிச் சம்மதித்தார் என்று தோன்றும். அப்புறம் அதே கோயா, வயதாகி, காது கேட்காமல், யாரும் கேட்காமலே தன் வீட்டுச் சுவரில் வரைந்த 14 'கறுப்பு ஓவியங்கள்'. பின்னால் சுவரிலிருந்து கேன்வாஸுக்கு மாற்றினார்கள். அவற்றில் ஒன்றான, பெற்ற பிள்ளையைத் தின்னும் ரோமானியக் கடவுள் சாட்டர்ன் படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டு, ஒரு மணி நேரம் போதும் என்று கட்டுரையாளர் சொல்லட்டும், பார்க்கலாம்.

போட்டோ விஷயம். 'லாஸ் மெனினாஸ்' முன்னால் நூறு செல்போன் தூக்காமல் நிம்மதியாக நிற்க முடிந்ததே அந்தத் தடையால்தான். நம் கோயில்களில் மூலவரைப் படம் எடுக்காதே என்றால் கேட்டுக்கொள்கிறோம், அங்கே மட்டும் ஏன் கோபம்?

மாலையில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம் என்பது உண்மைதான், ஆனால் வரிசையும் அதற்கேற்ற நீளம். முடிந்தால் டிக்கெட் எடுத்துக் காலையிலேயே போய்விடுவது நல்லது.

இன்னொன்று, பிராடோ பற்றிய பத்திக்குப் பக்கத்தில் பிக்காசோவின் 'குவெர்னிகா'வைப் போட்டிருக்கிறீர்கள். அது அங்கே இல்லை. 1992 முதல் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பிராடோவிலிருந்து நடந்தே போகலாம். திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி